லீவு மூன்று

சிப்காட் போகும் சாலையில், எடைமேடைக்குப் பின்னால்,
பதினோரு வருடமாக மூடிக்கிடக்கும் தோல் ஷாப்பு.
பூட்டு மட்டும் புதிது.
உள்ளே காக்க ஒன்றுமில்லை என்றாலும்
யாரோ மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

நாங்கள் பூட்டைத் தொடவில்லை.
மதிலில் வேம்பு போட்டிருந்த பிளவு வழியே
முதலில் கேமரா பை, பிறகு முக்காலி,
பிறகு இம்தியாஸ், பிறகு நான்.
ஆடி மாதம். கல்யாணம் எதுவுமில்லை.
சிரிங்க சிரிங்க என்று சொல்லிச் சலித்த வாய்க்கு
சிரிக்காத எதையாவது எடுக்க வேண்டியிருந்தது.

ஜாக்கிரதையான ஆட்கள்தாம் நாங்கள்.
தடித்த ஷூ. டார்ச் இரண்டு.
ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறுவதில்லை,
அது இம்தியாஸின் முழங்கை
ஒரு நெல் கிடங்கில் கற்றது.
நாய்க்குக் கையில் பொறை,
அது நான் அடுக்கம்பாறையில் ஊசி போட்டுக்கொண்டு கற்றது.

உள்ளே, இரண்டாள் உயர மர டிரம்கள்.
ஒன்றின் வயிற்றில் புறாக் குஞ்சுகள்.
சுவரில் பச்சையும் நீலமுமாய் ஒரு நிறம்,
எந்தப் பெயின்ட் கடை அட்டையிலும் இராது.
உடைந்த ஓட்டின் வழியாக வெயில் விழுந்த இடத்தில்
ஒரு கரும்பலகை.
ஆஜர் 41. லீவு 3.
கீழே மூன்று பெயர்கள்,
இரண்டை மழை தின்றிருந்தது.
மூன்றாவது: பிச்சாண்டி.

நல்ல கோணத்துக்குப் பின்னால் நகர்ந்தேன்.
வெடித்துக் காய்ந்த தரை.
முக்காலியை ஊன்றினேன்.
ஒரு கால் மட்டும், அவசரமே இல்லாமல், இறங்கியது.
தரையில்லை. குழி,
ஆடை படிந்த பால் போல.
இம்தியாஸ் என் பைவாரைப் பிடித்து இழுத்தான்.
இருவரும் சிரித்தோம். சிரிப்பு எதிரொலித்தது.

நுழைந்தபோது மூக்கைப் பொத்தியிருந்தோம்,
அழுகிய முட்டை, சுண்ணாம்பு, பழைய ரோமம்.
கால் மணி நேரத்தில் அது நின்றுபோனது.
பழகிடுச்சு என்றான்.
பழகிடுச்சு என்றேன்.
நிதானமாக லென்ஸ் மாற்றினேன்.
தலை வலித்தது, காலையில் சாப்பிடாதது.
நாங்கள் வெளியே வந்தது புத்தியால் அல்ல.
பேட்டரி தீர்ந்துவிட்டது.

ஆற்காடு பஸ் ஸ்டாண்டு எதிரே எங்கள் ஸ்டுடியோ.
பெரிதாக்கி மாட்டிய அந்தப் படத்தைப் பார்த்து
எந்தக் கோட்டை இது என்று கேட்டவர்கள் உண்டு.
புரட்டாசியில் ஒருத்தி வந்தாள்,
ஷூ கம்பெனி அடையாள அட்டைக்கு. பெயர் பரிமளா.
மோவாயை உயர்த்துங்க என்றேன்.
அவள் லென்ஸைப் பார்க்கவில்லை.
எனக்குப் பின்னால் சுவரைப் படித்தாள்:
"லீவு மூணு."

"அதுல ஒண்ணு எங்க வூட்டுக்காரர்க்கா.
அன்னிக்குத்தான் பையன் பொறந்தான்."
ஒரு விரலை மடக்கினாள்.
"குழியில மொதல்ல ஒருத்தர் எறங்கினாரு.
அவர தூக்க இன்னொருத்தர்.
அவங்க ரெண்டு பேர தூக்க..."
நான்காம் விரலில் நின்றாள்.
கட்டை விரல் நீட்டியபடியே இருந்தது.

"உள்ள போனீங்களே, நாத்தம் இருந்திச்சா?"
"இருந்தது. அப்புறம் நின்னுடுச்சு."
படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.
"நின்னா ஓடணும்க்கா.
நாத்தம் எங்கயும் போவாது.
மூக்குதான் மொதல்ல சாவும்."

பிறகு மோவாயை உயர்த்தினாள்.
சிரிக்கச் சொல்லவில்லை நான்.
எட்டுப் பிரதி. கூடவே கேட்டாள்,
அந்தப் பேரு மட்டும் வர்ற மாதிரி ஒண்ணு.
திரையில் பெரிதாக்கினேன், பெரிதாக்கினேன்,
பிச்சாண்டி வெள்ளைப் புள்ளிகளாக உதிரும்வரை,
பின்பு ஒரு படி திரும்பி வந்தேன்.

அவள் போன பிறகு
மூலையில் நின்ற முக்காலியைச் சாய்த்தேன்.
ஒரு கால் முட்டிவரை நீலம்.
முகர்ந்தேன்.
எதுவும் வரவில்லை.

வாசலுக்கு ஓடினேன்.
டீசல், சாமந்தி, மூத்திரச் சந்து,
மூடி திறந்த பிரியாணி அண்டா
எல்லாம் ஒவ்வொன்றாய் வந்து சேரும்வரை
அங்கேயே நின்றேன்.